நான்கு திருகாணித் துளைகள்

மெக்கலிஸ்டர் ரோடு, இரண்டாம் மாடி.
காது, மூக்கு, தொண்டை.
பலகையில் இருப்பது டாக்டர் கூவின் பெயர்.
பலகையில் இல்லாததெல்லாம் என் வேலை:
வாடகை, சம்பளம், காப்பீட்டுக் கடிதம்,
காத்திருப்பவர்களின் கோபம்.

முன்பெல்லாம் எட்டு மணிக்கே அறுபது பேர்.
யாருக்கும் நேரம் கிடையாது, எண் மட்டும்தான்.
மேடானிலிருந்து முதல் விமானத்தில் இறங்கியவர்கள்
பெட்டியை உருட்டிக்கொண்டு நேராக வந்துவிடுவார்கள்.
ஒருவர் தும்மினால் அடுத்தவர் டிஷ்யூ நீட்டுவார்.
அது ஒரு காலம் என்று பெருமூச்சு விட மாட்டேன்.
அதுவும் குளறுபடிதான்,
பழகிப்போன குளறுபடி.

பிறகு விமானங்கள் நின்றன.
வாயைத் திறக்கச் சொல்லியே பிழைத்த இடத்தில்
வாயை மூடச் சொல்லி அறிவிப்பு ஒட்டினோம்.
ஒரு மூக்கில் குழாய் விட்டால்
அரை மணி நேரம் அறை பூட்டிக் கிடக்க வேண்டும்.
காற்று சுத்தமாவதற்கு
யாரும் பணம் கட்டுவதில்லை.
மூன்று மாதம் பாதிச் சம்பளம்.
பீ எங் வீட்டில் கேக் சுட்டு விற்றாள்.
ஷரிஃபா போனவள் திரும்பவில்லை;
ஏதோ தொழிற்சாலையில் கையுறைக்குத் தரம் பார்க்கிறாளாம்.
ஒவ்வொரு புதுப்பெட்டியைத் திறக்கும்போதும்
அவள் விரல் பட்டிருக்குமோ என்று ஒரு நொடி நிற்பேன்.

என் மேசைமுன் கண்ணாடித் தடுப்பு வந்தது.
கண்ணாடி இல்லை, பிளாஸ்டிக். அறுநூற்று நாற்பது வெள்ளி.
இந்தப் பக்கம் முகக்கவசத்தோடு நான்.
அந்தப் பக்கம் மரியதாஸ்,
பட்டர்வொர்த் துறைமுகத்தில் முப்பத்தோராண்டு கிரேன் ஓட்டி,
காதை இரும்புக்குக் கொடுத்துவிட்டு
அடுத்தவர் உதட்டைப் படித்துப் பிழைத்தவர்.
"வியாழக்கிழமை வாங்க!" என்று கத்தினேன்.
"யாரைக் கிழம்ங்கிற?" என்றார்.
கூடம் முழுக்கச் சிரித்தது, கண்களால் மட்டும்.

அன்று மாலை ஒரு நோட்டு வாங்கி,
நூலில் பேனா கட்டித் தொங்கவிட்டேன்.
காலையில் ஒரு மாத்திரை.
சரி.
அடுத்த தேதி 14.
அன்னிக்கு மழை வந்தா?
பதினேழாம் பக்கத்தில் மரியதாஸின் சாய்ந்த எழுத்து:
நீ சிரிக்கிறியா, கோவமா?
கீழே நான்:
இரண்டும்.

இப்போது டாக்டர் சொல்கிறார், பழையபடி ஆக்கிவிடலாம்,
வங்கிக் கடன் இருக்கிறது.
அறுபது என்கிறார் அவர்.
முப்பத்திரண்டு என்கிறேன் நான்.
மீன் சந்தையில்கூட இவ்வளவு பேரம் நடக்காது.
நாற்பதில் நின்றோம், ஆளுக்கொரு நேரத்தோடு.
வெள்ளிக்கிழமை பிற்பகல் மட்டும் திரையில் மேடான்:
ஹெர்மன் சித்தோருஸ் கேமராவுக்குள் நாக்கை நுழைக்கிறார்,
திரை முழுக்க இளஞ்சிவப்பு,
பின்னால் அவர் வீட்டுச் சேவல்.
தொடாமல் பார்த்ததற்கு எவ்வளவு வாங்கலாம்
என்பதற்கு இன்னும் பதில் இல்லை.
பாதி வாங்குகிறோம்.

நாற்காலிகளில் சிவப்பு நாடாவைச் சுரண்டினாள் பீ எங்.
பசையின் பெருக்கல் குறி போகவில்லை.
இடமிருந்தும் அவற்றில் யாரும் உட்காருவதில்லை.

போன வாரம் தடுப்பைக் கழற்றினோம்.
மேசையில் நான்கு திருகாணித் துளைகள்.
மரியதாஸ் வந்தார்.
ஒரு துளையில் சுண்டு விரலை விட்டுப் பார்த்தார்.
கவசம் இல்லாத வாயால், மெதுவாக, சத்தமே இல்லாமல்,
"வியாழக்கிழமை" என்றேன்.
படித்துவிட்டார்.
ஆனாலும் கை நோட்டைத் தேடியது.
எழுது, என்று எழுதினார்.
உன் உதட்டை நான் வீட்டுக்கு எடுத்துட்டுப் போக முடியுமா?
தாளைக் கிழித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அடுத்த ஆண்டு வரவுசெலவில் ஒரு வரி சேர்த்தேன்:
நோட்டுப் புத்தகம், பன்னிரண்டு. இருபத்தெட்டு வெள்ளி எண்பது காசு.
எந்தத் தலைப்பில் போடுவது என்று கணக்காளர் லிம் கேட்கிறார்.
மருத்துவக் கருவிகள், என்றேன்.
அவர் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார்,
சிரிக்கிறேனா என்று.