ஐந்து நிமிடம்

வழக்கமான பாதை என் சப்பாத்துக்கே தெரியும்.
பழைய தண்டவாளத் தடம், சமதரை,
மூன்றாவது வாங்கில் திரும்பு,
வீடு, குளியல், சோறு.

இன்று தர்மினி அனுப்பியிருந்தாள்:
தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இறங்கு.
மரங்களில் வெள்ளைக் கோடு பார்த்து ஓடு.
இரட்டைக் கோடு கண்டால் திரும்பு.
நீலம் கண்டால் யோசி.
என்னத்தை யோசிப்பது என்று எழுதவில்லை.

டண்டாஸ் பள்ளத்தாக்கில் மே கடைசி.
மணி ஏழாகியும்
வெயிலுக்கு வேலை முடியவில்லை.
குளிருமில்லை, புழுக்கமுமில்லை,
நுளம்பு இன்னும் கண் விழிக்காத
பத்து நாளில் ஒரு நாள்.
மருந்துக்கடை வெள்ளைச் சட்டையைப்
பின்சீட்டில் சுருட்டி எறிந்துவிட்டு இறங்கினேன்.

தெரியாத பாதை
கண்ணைக் காலுக்கு இறக்கிவிடுகிறது.
வேர். கல். வேர். ஈர இலை.
யாரோ குதிரையில் போன குளம்படி.
ஓடைக்கு மேல் பலகை பாதியில் முடிந்தது.
முடிவெடுக்கத் தெரியாதவள் என்று
என்னைச் சொன்னவர்கள் வந்து பார்க்கட்டும்:
ஆற்றிலே ஒரு கால் சேற்றிலே ஒரு கால்,
இரண்டும் ஓடுகின்றன.

ஏற்றத்தில் நடந்தேன், ஒளிப்பதற்கில்லை.
கிலோமீட்டருக்குப் பதினொரு நிமிடம் என்று
மணிக்கூடு முகம் சுளித்தது.
சட்டைக் கைக்குள் தள்ளி மூடினேன்.
மூன்றிதழ் வெள்ளைப் பூக்கள்
வாடுமுன் ஒருமுறை சிவந்துகொண்டிருந்தன.

மேட்டில் ஒரு தகப்பன்,
தோளில் ஒன்று, கையில் ஒன்று.
அருவிக்கு இன்னும் எவ்வளவு தூரம் என்றான்.

பதினாலு வருடமாய் இந்த நாட்டில்
வழி கேட்பவள் நான்.
பேருந்துத் தரிப்பில், வங்கியில்,
ஆஸ்பத்திரியின் நாலு நிற அம்புக்குறிகளுக்குக் கீழே.
இன்று முழங்காலில் சேறு, நெற்றியில் உப்பு,
காட்டுக்குச் சொந்தக்காரிபோல் நிற்கிறேன் போலும்.
“ஐந்து நிமிடம்,” என்றேன்.
எனக்கு முன்னாலேயே
வாய் ஓடிவிட்டது.

ஐந்து நிமிடத்தில் அருவி இல்லை.
பத்தில் சத்தம்கூட இல்லை.
பிறகு ஒரு மேப்பிளில் நீலக் கோடு,
வெள்ளைப் பாதை நேரே போக
நீலம் இடப்பக்கம் சரிந்து இறங்க,
கீழே, கடைசியில், தண்ணீர்:
பாறைப் படிகளில் இறங்கி
அவசரமே இல்லாமல் விழுகிறது.

முகத்தில் தூறல் பட நின்றேன்,
அரை நிமிடம் இருக்கும்.
அப்போதுதான் யோசித்தேன், தர்மினி.
அவர்கள் நேரே போய்விடுவார்களே.

ஏறிவந்து அந்த மரத்தடியில் நின்றேன்.
வேர்வை காய்ந்து முதுகு குளிர்ந்தது.
ஒரு மரங்கொத்தி கணக்கெழுதியது.
வெளிச்சம் அடிமரங்களை விட்டு
உச்சிக் கிளைகளுக்கு ஏறிற்று.
ஓட்டத்தை முடிக்கட்டுமா என்று
கைக்குள் இருந்து மணிக்கூடு கேட்டது,
இரண்டு தரம்.

வந்தார்கள்.
தோளில் இருந்தது தூங்கியிருந்தது.
கையில் வந்தது என்னை நிமிர்ந்து பார்த்து,
ஐந்து நிமிடம் முடிந்துவிட்டதா என்றது.

“இனித்தான் தொடங்குது,” என்றேன்
நீலத்தைக் காட்டி.
இந்த முறை எண்ணிப் பார்த்துச் சொன்னது.