நாற்பத்தேழாவது

சனிக்கிழமை ராத்திரியே விரிசலுக்கெல்லாம்
வெள்ளை சிமெண்ட் குழைத்து அடைத்தாயிற்று.
கூட்டக் கூட்ட மாவு உதிர்க்கும் தரை.
விடிந்ததும் கட்டிலைச் செவுத்தோடு நிறுத்தி
மூன்று தரம் கூட்டி, இரண்டு தரம் துடைத்து,
ஃபேனைப் போட்டுவிட்டு டீ குடித்தோம்.

சாக்பீஸ் தேய்த்த ஓவர்லாக் நூல்,
வெள்ளிங்கிரி ஒரு முனை, நான் ஒரு முனை.
நட்டநடுவில் சுண்டிவிட்டோம்.

பத்துக்குப் பத்து என்றுதான் வாடகை பேசினது.
டேப் வைத்ததும் அறை உண்மையைச் சொல்லிவிட்டது:
தெற்கே பத்தடி,
வடக்கே ஒன்பதடி பத்தரை அங்குலம்.
துணி கோணினால் இழுத்து நேராக்கலாம்,
கட்டிங் டேபிளில் தினமும் பார்ப்பதுதான்.
செவுரு இழுபடுமா?

உரிக்கிற ஒவ்வொரு முதுகுத்தாளிலும் ஓர் அம்புக்குறி.
எல்லா அம்பும் வாசலைப் பார்க்கணும் என்றேன்.
"ஆவட்டும், ஆவட்டும்" என்றார்.

பூரிக்கட்டையால் உருட்டி உருட்டி அழுத்தினேன்.
எழும்பிய மூலைகளுக்கு
பனியன் துணி விரித்து, அதன்மேல்
அயர்ன் பெட்டியை ஒரு மூச்சு வைத்தெடுத்தார்,
கம்பெனியில் காலருக்கு வைப்பதுபோல.
தேக்கு நிறம், கணு, ரேகை எல்லாம் இருந்தது.
எந்தக் காட்டிலும் முளைக்காத மரம்.
என் தலைமுடி ஒன்று அடியில் மாட்டிக்கொண்டது.
இழுத்தேன், கோந்து விடவில்லை.

நாற்பத்தேழாவதில் பிசகியது.
உரித்த தாளையெல்லாம் படம் வரைய
ரிதன்யா அள்ளிக்கொண்டு ஓட,
அவளை அதட்டிய வாயோடு
ஒன்றைப் பதித்துவிட்டார்.
அம்பு சமையற்கட்டைப் பார்த்தது.
நகம் கொடுத்தோம், கத்தி முனை கொடுத்தோம்.
சித்தெ முந்தி ஒட்டினது,
பத்து வருசம் குடியிருந்ததுபோல் பிடித்துக்கொண்டது.

பொழுது சாய செங்காளியப்பன் வந்தார்.
செருப்போடு உள்ளே வந்து சுற்றிப் பார்த்தார்.
"அட, நம்ம ஊடா இது?
காலி பண்றப்போ பேத்துட்டுப் போயிராதீங்கம்மிணி."
அப்புறம், சாவிக்கொத்தைப் பார்த்தபடி,
"ஆவணியிலிருந்து முந்நூறு சேத்திக் குடுத்துருங்க."

நின்றது சரியாக அந்த நாற்பத்தேழின் மேல்.
ரேகை குறுக்கே ஓடுவது
அவர் கண்ணில் படவில்லை.
நாங்களும் சொல்லவில்லை.
மிச்சம் நாலு பீரோவின்மேல் இருக்கிறது,
அதையும் சொல்லவில்லை.

அவர் போனதும் ஈரத்துணி எடுத்தேன்.
செருப்புத் தடம்
ஒரே இழுப்பில் போய்விட்டது.
இன்னொரு தரமும் துடைத்தேன்,
சும்மா.