இன்று மிளகாய்

வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக்கு
நான்கு யன்னல்கள்.
ஒன்று காலி வீதிக்கு:
திறந்தால் நூறாம் இலக்க பஸ்
நேரே வரவேற்பறைக்குள் வந்து நிற்கும்.
இரண்டு, பக்கத்துக் கட்டடத்தின் சுவருக்கு;
கை நீட்டினால் சுண்ணாம்பு ஒட்டும்.
மற்றது குசினி யன்னல்.
அது காற்றுக்கிணற்றுக்கு.

காற்றுக்கிணறு என்று பெயர் வைத்தவன்
ஒருநாளும் அதில் இறைத்திருக்கமாட்டான்.
ஏழு மாடிக் குசினிகளும் குளியலறைகளும்
முதுகு காட்டி நிற்கிற சதுரம்.
அடியில் உடுப்புக் கிளிப்புகள், ஒற்றைச் செருப்பு, புறா எச்சம்.
மேலே ரூபாய்க் குற்றியளவு வானம்.
எந்த வீட்டில் கருவாடு பொரிகிறது,
யார் மனைவிக்குத் தெரியாமல் சிகரெட் பிடிக்கிறார்,
எல்லாம் முகம் தெரியாமலே
மூக்கால் அறிந்திருந்தோம்.

யதுராவுக்கு ஒக்டோபரில் இழுப்புத் தொடங்கியது.
இரவு இரண்டு மணிக்கு அவள் நெஞ்சுக்குள்
யாரோ ஊறிப்போன கதவொன்றைத்
திறந்து திறந்து மூடினார்கள்.
டொக்டர் நெஞ்சைக் கேட்டார்.
பிறகு வீட்டைக் கேட்டார்:
நுளம்புத்திரி கொளுத்துவீர்களா?
அலுமாரிக்குப் பின்னால் பூஞ்சணமா?
குசினிப் புகை எங்கே போகிறது?

அன்றைக்கே அலுமாரியை இழுத்தோம்.
எட்டு வருடமாக என் கூறைச் சேலைக்குப் பின்னால்
மழை தனக்கென்று கறுப்பில்
ஒரு நாடு வரைந்து வைத்திருந்தது.
வினாகிரி ஊற்றித் தேய்த்தேன். வீடு ஊறுகாய்ப் போத்தலானது.
திரியை விட்டு வலை கட்டினோம்;
வலைக்குள் அகப்பட்ட ஒரேயொரு நுளம்பு
முழுக் குடும்பத்துக்கும் பொதுவாக இருந்தது.
சாம்பிராணிச் சட்டியைப் பரணில் ஏற்றும்போது
சாமித்தட்டைப் பார்த்து என் கணவர்
"உங்களுக்கும் நல்லதுதான்" என்றார்.

கடைசியாக விசிறி.
தயாசிறி பாஸ் மேல்கண்ணாடியைக் கழற்றி
பலகையில் வட்டம் வெட்டிப் பூட்டினார்.
ஆளியைத் தட்டினேன்.
தாளிதப் புகை அடுப்பிலிருந்து எழும்பி
ஒரு கணம் யோசித்து
வெளியே போய்விட்டது.
வெளியே.
எவ்வளவு இலகுவான சொல்.

பதினோராம் நாள் கதவு தட்டுப்பட்டது.
ஐந்தாம் மாடி ரிஸ்மியா.
தோளில் மூன்று மாதக் குழந்தை,
கையில் கொடியிலிருந்து எடுத்த வெள்ளைத் துணி.
"மணந்து பாருங்க."
என் மிளகாய்த்தூள்.
என் சீரகம்.
கறிவேப்பிலை கருகிப்போன என் செவ்வாய்க்கிழமை.
"நீங்க பேன் போட்ட நாளிலயிருந்து
இவனுக்குத் தும்மல் நிக்குதில்ல."

மன்னிப்புக் கேட்கத் தெரியும் எனக்கு.
புகைக்கு முகவரி மாற்றிக் கொடுத்ததற்கு
எப்படிக் கேட்பது?
உள்ளே யதுரா இருமினாள்.
ரிஸ்மியா எட்டிப் பார்த்தா.
"இவவுக்கும் மூச்சா?"
குழந்தை என் தோளுக்கு மாறியது,
தேத்தண்ணீர் கொதித்தது,
போடவா வேண்டாமா என்று
இருவரும் ஆளியைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பெரிய தீர்வொன்றும் இல்லை.
மொட்டைமாடி வரை குழாய் ஏற்ற
தயாசிறி பாஸ் எழுதித் தந்த கணக்கு
தொடர்மாடிச் சங்கத்தின் கோப்பில் கிடக்கிறது;
இரண்டாம் மாடிக்காரர் கையெழுத்துப் போடவில்லை.
(சிகரெட் அவராகத்தான் இருக்கவேண்டும்.)

அதுவரை என் கைத்தொலைபேசியிலிருந்து மேலே போகிறது:
"இன்று மிளகாய். பத்தரைக்கு."
மேலேயிருந்து இறங்குகிறது:
"யன்னல் பூட்டியாச்சு. வறுங்க."
சிலநாள் அவ முந்திக்கொள்வா:
"பாத்ரூமுக்கு கிளோரின் போடப்போறன்,
பிள்ளய முன்னறையில வைங்க."

நேற்று ஒரு மணிக்கு, காலி வீதி அடங்கிய பிறகு,
முன்யன்னலைத் திறந்தேன்.
உப்பு. கொஞ்சம் டீசல்.
யதுராவின் நெஞ்சில் காதை வைத்தேன்:
கதவு இன்னும் ஆடுகிறது,
கிறீச் மட்டும் குறைவு.
மேலே யாரோ யன்னலைத் தள்ளி
கொக்கி மாட்டும் சத்தம் கேட்டது.