கட்டாயக் கட்டம்

நூற்றுச் சொச்சம் வருஷத்துக்கு முன்
இந்த ஊருக்கு வேறு பெயர்:
போர்க்கல்யோத்தா.
அழுக்குக்காரி என்று காதில் விழும்.
லிஸ்பன்காரர்கள்
ரயில் நிற்குமுன்பே சிரித்திருப்பார்கள்.

ஊரார் கூடி மன்னருக்கு மனுப் போட்டார்கள்.
பலித்தது.
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஏழில்
அமதோரா. நேசிப்பவள்.
பலகை மாறிய மறுநாளும்
மழைக்கு அதே சேறுதான் இருந்திருக்கும்.

இதெல்லாம் நான் படித்தது
நகராட்சிக் கிடங்கில்
பழைய தாள்களுக்கு எண் போடுகையில்.
மதியத்துக்கு மேல் என்னைக்
கவுன்ட்டரில் உட்காரவைப்பார்கள்.

நேற்று எதெல்வினா தவாரெஷ் வந்தாள்,
வசிப்பிடச் சான்றிதழுக்கு.
குன்றின் மேல் வீடு.
கேப் வெர்டேயிலிருந்து வந்த அப்பா
வாரமெல்லாம் அடுத்தவன் கட்டடத்தில் நின்றுவிட்டு
ஞாயிறுதோறும் எழுப்பிய சுவர்கள்.

"குடியிருப்பின் பெயரை விட்டுவிடலாமா?
தபால் எண் போதாதா?
மூன்று நேர்காணல்.
மூன்றிலும் அந்தப் பெயரைப் பார்த்ததும்
பேனாவை மூடிவிட்டார்கள்."

அந்தக் கட்டம் கட்டாயம் என்றேன்.
சொன்ன குரல் எனக்கே பிடிக்கவில்லை.

மனுவின் கதையைச் சொல்ல வாயெடுத்தேன்.
அவர்கள் ஓர் ஊராக வந்தார்கள்,
இவள் ஒருத்தி.
பின்னால் வரிசை வேறு முணுமுணுத்தது.

எழுதினாள்.
ஓர் எழுத்தும் குறையாமல்,
பேனா ஒடிந்துவிடும் போல் அழுத்தி.

அவள் போனபின்
அடுத்தவருக்கு வெற்றுப் படிவம் எடுத்து நீட்டினேன்.
அதே கட்டத்தில்
மையில்லாமல் பதிந்திருந்தது
குன்றின் பெயர்.