அன்புள்ள முதற்பெயருக்கு

நாற்பத்தொரு கடிதம் அனுப்பினேன்.
நாற்பத்தொன்றும் போய்ச் சேர்ந்ததாகத் திரை சொன்னது.
கிணற்றில் போட்ட கல்லுக்காவது
ஒரு சத்தம் உண்டு.

குட்டாய்ஸியில் பிப்ரவரி.
ரியோனி ஆறு வெள்ளைக் கற்களுக்கிடையே
கொஞ்சமாய் ஓடிக்கொண்டிருந்தது.
ஹீட்டரையும் மடிக்கணினியையும்
எங்கள் வீட்டு ஒற்றை பிளக் ஒன்றாகத் தாங்காது.
டாக்ஸிக் கண்ணாடியைத் துடைத்தபடி
பாட்டா என்னைப் பார்ப்பார்.
வாய்திறந்து கேட்டதில்லை.
இன்றைக்கும் இல்லை என்பேன்.

"நீ என்னதான் விற்கிறாய்?"
மாடிவீட்டு ட்ஸிராவுக்குச் சந்தேகம்.
விற்கவில்லை. விற்பவர்களின் எந்திரத்துக்கு
எண்ணெய் விடுகிறேன்.
யார் மின்னஞ்சலைத் திறந்தார், யார் திறக்கவில்லை,
யாருக்கு மூன்றாம் நாள் நினைவூட்டுவது,
யாரைத் தொந்தரவு செய்யாமல் விடுவது.
"அதாவது, ஒட்டுக்கேட்பது."
காசு வந்தால் அப்படியும் சொல்லிக்கொள் என்றேன்.

வேலை தேடி நானே பெயர் கொடுத்துவைத்த
அறுபது சின்னக் கடைகளில் ஒன்று,
ஹாலிஃபாக்ஸின் விதைக்கடை,
ஒரு செவ்வாய் இரவு எழுதியது:

அன்புள்ள முதற்பெயருக்கு,
வசந்தம் வாசலில் நிற்கிறது, முதற்பெயர்!
உங்கள் தோட்டம் உங்களையே
நினைத்துக்கொண்டிருக்கிறது, முதற்பெயர்.

பாட்டா எழுந்துவிடாமல்
போர்வைக்குள் சிரித்தேன்.
நாற்பத்திரண்டாவது கடிதத்தில்
சான்றிதழ் இல்லை, எட்டு ஆண்டு அனுபவம் இல்லை,
தாழ்மையுடன் என்ற சொல் இல்லை.
"படிவத்தில் ஒரு கட்டத்தின் பெயர் மாறியிருக்கிறது.
வலப்பக்கம், மூன்றாவது.
பத்து நிமிட வேலை. காசு வேண்டாம்.
இப்படிக்கு,
முதற்பெயர்."

மறுநாள் இரவு பதினொன்று. அங்கே பிற்பகல் மூன்று.
லோர்ன் மகிசாக், ஈரத் தொண்டைக்காரர்:
"பத்தொன்பதாயிரம் பேருக்குப் போய்விட்டது அம்மா.
திட்டியவர்களில் நீங்கள்தான்
திருத்தவும் சொல்லிக் கொடுத்தவர்.
மணிக்கு எவ்வளவு?"

கண்ணாடிமுன் ஒத்திகை பார்த்த தொகை
தொண்டையில் சிக்கியது.
பாதியைச் சொன்னேன்.
உடனே சரி என்றார்.
அந்த 'உடனே'யில் தெரிந்தது
எவ்வளவு குறைத்துவிட்டேன் என்று.

கடவுச்சொல் வந்தது. உள்ளே போனேன்.
ஒரே ஆள் ஐந்து பெயரில்,
ஒரே பெயரில் ஐந்து ஆட்கள்,
தக்காளி வாங்கியவருக்கு
தக்காளி வாங்கச் சொல்லி வாராவாரம் கெஞ்சல்.
கலைந்த துணி அலமாரி; மடிக்கத் தெரியும் எனக்கு.

அடித்தட்டில் ஒரு பெட்டி.
செய்திமடலுக்கு வாசகர்கள் எழுதிய பதில்கள்,
ஆறு வருடமாக ஒருவரும் திறக்காதவை.
இருநூற்றுப் பன்னிரண்டு.

பீன்ஸ் முளைக்கவில்லை என்றார் ஒருவர்.
ஒருவர் சூரியகாந்திக்குப் பக்கத்தில்
நாயை நிறுத்திப் படம் அனுப்பியிருந்தார்.
லூனன்பர்க்கிலிருந்து டெல்மா மூன்று முறை:
"ஓரின் இறந்துவிட்டார். பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்."
நான்காவது, போன செவ்வாய்:
"இந்த முறை கடிதத்தில் அவர் பெயரைக் காணோமே.
எடுத்துவிட்டீர்களா?
எடுக்காமலே இருந்திருக்கலாம்.
அவர் பெயருக்கு இந்த வீட்டில்
வருவது இது ஒன்றுதான்."

ஆம் என்றால் இந்தப் பாதை,
இல்லை என்றால் அந்தப் பாதை;
அப்படித்தான் விதி எழுதிப் பழக்கம்.
அவளுக்கு எந்தக் கட்டத்தை வரைவது?

பெட்டியை அப்படியே லோர்னுக்குத் திருப்பினேன்.
"இருநூற்றுப் பதினொன்றை நான் பார்த்துக்கொள்கிறேன்.
இதற்கு மட்டும் நீங்கள் எழுதுங்கள்.
எந்திரத்தில் வேண்டாம்."
இரண்டு நாள் அவரிடமிருந்து சத்தமே இல்லை.
போச்சு, நாற்பத்திரண்டும் கிணற்றில் என்று நினைத்தேன்.
மூன்றாம் நாள் ஒரே வரி:
"எழுதிவிட்டேன். பில் அனுப்புங்கள்."

வாழ்வின் முதல் பில்.
பட்டியல் சுத்தம் செய்தது: ஆறு மணி நேரம்.
வாசித்தது: இரண்டு.
இரண்டாம் வரியை அடித்தேன்,
மறுபடி எழுதினேன்,
பாட்டா காரைக் கிளப்பும் சத்தம் கேட்டது,
அனுப்பிவிட்டேன்.