அரை விழாவுக்கு உடுத்துதல்

அழைப்பிதழின் அடியில், பொடி எழுத்தில்:
உடை, செமி ஃபார்மல்.
தேயிலை ஏலக்கூடத்தின் ஆண்டு விருந்து,
குவாஹாத்தி, ஆற்றங்கரை கிளப்,
சனி மாலை ஏழு மணி.

ரிஜுமோனி மூன்று முறை படித்தாள்.
ஆண்களுக்கென்ன,
டையைக் கழற்றிவிட்டால் ஆச்சு.
அவள் எதைக் கழற்றுவது?

நாளைக்கு நானூறு கோப்பை
உறிஞ்சித் துப்பி,
இது ஜூன் மாத இலை, இது மழை கண்டது,
இதைச் சூட்டில் ஒரு நிமிஷம் கூடுதலாய் விட்டுவிட்டான் என்று
கண்மூடிச் சொல்லும் நாக்கு
இந்த ஒரு சொல்லின் பதம் மட்டும்
பிடிபடாமல் திகைத்தது.

கட்டில் முழுக்கத் துணி.
முகா பட்டு: துவைக்கத் துவைக்கப் பொன்னேறும்.
ஆனால் கட்டிப்போனால்
'யாருக்குக் கல்யாணம்?' என்பார் கணக்கர் பருவா.
பருத்திக்குத் திங்கட்கிழமை முகம்.
யாரோ கொடுத்த பனாரஸ் சேலை
உட்கார்ந்தால் அப்பளம்போல் நொறுங்கும்.
ஓர் அனார்கலியும் இருக்கிறது.
இடுப்பைப் பற்றி அது சொல்லும் அளவை
இரண்டு வருஷமாக இவள் ஒப்புக்கொள்வதில்லை.

கண்ணாடி முன் ஒரு மணி நேரம்,
ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்.
ஜன்னலுக்கு வெளியே டிசம்பர்ப் பனி
பிரம்மபுத்திராவிலிருந்து படியேறி வந்துகொண்டிருந்தது.

பிறகுதான் உறைத்தது,
தன் ஊர் உடையே இரண்டு துண்டு.
இடுப்பில் சுற்றுவது மேகேலா,
தோளில் விழுவது சாதர்.
இரண்டும் ஒரே குரலில் பேச வேண்டுமென்று
யார் சட்டம் போட்டது?
கீழே முகா.
மேலே, கரையில் மட்டும் சிவப்புப் பூ நெய்த
வெள்ளைப் பருத்தி.
மடிப்பைச் செருகி ஊக்குக் குத்தி நிமிர்ந்தால்
சபைக்கும் ஆச்சு, சாப்பாட்டுக்கும் ஆச்சு.

நகை அடுத்த பஞ்சாயத்து.
முதுகோடு முதுகு ஒட்டிய புறா ஜோடித் தோடு
தலையாட்டும்போதெல்லாம் தானும் ஆடும்,
பேரம் பேசுகிறவளுக்கு ஆகாது.
கழுத்துக்குப் பிறைநிலாப் பதக்கம், போதும்.
சென்ட் கிடையாது.
திங்களன்று மூக்கு வேலைக்குப் போக வேண்டும்.

கைக்குக் காம்காரு.
வெள்ளியின்மேல் பொன்முலாம் பூசிய அகலக் காப்பு,
ஜோடியில் ஒன்று.
மற்றது தங்கை பபோரியிடம்.
பாகம் பிரித்த அன்று
தராசு சமமாகத்தான் நின்றது.
நாலு வருஷமாகப் பேச்சில்லை.
ஒற்றையாய்ப் போட்டால் ஊர் கேட்கும் என்று
இதுவரை வெளியே எடுக்காதது.
இன்று எடுத்தாள்.
அரை விழாவுக்கு அரை ஜோடி,
கணக்குச் சரி.

கிளப்பில் பருவா உற்றுப் பார்த்தார்.
'இது புது மோஸ்தரா?'
'ஆமாம்' என்றாள், விலை படியாத ஏலக்காரியின் முகத்தோடு.

எட்டு மணிக்கு ஜோர்ஹாட் தோட்டத்து மேலாளர்கள்
மனைவியரோடு வந்து சேர்ந்தார்கள்.
பொரித்த மீனுக்கு நீண்ட கைகளில் ஒன்றில்
அகலமாய்ப் பொன்.
ஒரு கையில் மட்டும்.
பபோரி. சாம்பல் நிறச் சேலை,
வேறு நகை ஒரு குண்டுமணி இல்லை.

முகம் பார்க்குமுன்
இருவரும் மணிக்கட்டைப் பார்த்தார்கள்.
ஒரே சரக்குக்குக் கையுயர்த்தியவர்கள்போல்
ஒரு கணம்,
யார் அடுத்த விலை சொல்வது?

'உன்னதும் ஆணி இறுகிப் போச்சா?'
சொன்னவள் பபோரிதான்.
'இறுகித்தான் கிடக்கு. கடுகெண்ணெய் விட்டேன்.'
'நான் சோப்பு.'

மேலே பேச ஒன்றும் வரவில்லை.
தட்டில் மீன் ஆறியது.
யாரோ மைக்கைத் தட்டிப் பார்த்தார்கள்.
அக்காவின் சாதர் தோளில் நழுவுவதைக் கண்டு
தங்கை தன் சேலை ஊக்கைக் கழற்றி,
கேட்காமலே,
குத்திவிட்டாள்,
கொஞ்சம் கோணலாக.