கொதிகலன் அறைச் சுவர்

அக்டோபரில் ஒரு முறை, மே மாதம் ஒரு முறை.
பின்கதவு, பதினோரு படி,
தலையைப் பதம்பார்க்கும் உத்திரம்.
அப்புறம் அது,
இரும்பு வயிறும் ஒற்றைக் கண்ணாடிக் கண்ணுமாய்க்
குந்தியிருக்கும் கொதிகலன்.
மேலே யார் யாரைக் கும்பிடுகிறார்கள் என்பது
என் வேலையில் சேராது.

பின்சுவரில் பென்சில் எழுத்து.
எனக்கு முன்னால் இங்கே கரி அள்ளியவர்கள்
கிறுக்கிவிட்டுப் போனது.

'1893, ஜனவரி 9. ஏரி முழுக்க உறைந்தது. டார்ஜெய்ர்.'
நார்வேயிலிருந்து மரம் அறுக்க வந்து
அறுத்த மரத்திலேயே கோயில் கட்டிக்கொண்டவர்கள்.
கூரையிலிருந்து குட்டிக் கப்பல் ஒன்றைத்
தொங்கவிட்டிருந்தார்களாம்.
முப்பது வருஷம் எழுதியிருக்கிறான் டார்ஜெய்ர்,
பனி, காற்று, ஏரி.
குளிர்கிறது என்று ஓரிடத்திலும் இல்லை.

பிறகு கையெழுத்து சாய்கிறது. ஸ்லோவாக்கியர்கள்.
எஃகு ஆலையில் வெந்துவிட்டு
ஞாயிற்றுக்கிழமை இங்கே வந்து விறைத்தவர்கள்.
'அரை டன். கடன்.'
'அரை டன். கடன்.'
'கால் டன். பாதிரியார் மெட்டோத் மேலங்கியை விற்றார்.'
அதற்குக் கீழே, கொஞ்சம் பெரிய எழுத்தில்:
'ஸ்டெஃபானியா கல்யாணம். அழுத்தம் பதினைந்து.
மணமகனுக்குக்கூட வியர்த்தது.'

1974-இல் ஒரே வரி. 'வால்வை மூடினேன்.'
பெயர் போடவில்லை.
ஆலை போனது, ஆட்கள் போனார்கள்.
ஒன்பது வருஷம் மேலே கம்பளக் கிடங்கு.
கம்பளங்களுக்குக் குளிராது.
சுவர் வெறுமனே இருக்கிறது, ஒரு முழ நீளத்துக்கு.

அடுத்து வந்த மொங் மக்களின் வரிகளில்
எழுத்து தெரிந்த எழுத்துதான்.
ஆனால் ஒவ்வொரு சொல்லும்
வாயில் நுழையாத ஒரு மெய்யில் போய் முட்டி நிற்கும்.
கடைசி எழுத்தைச் சொல்லக் கூடாது,
அது குரல் ஏறுகிறதா இறங்குகிறதா என்பதற்கான குறி
என்றார் நியா பாவ். நான் வேலைக்குச் சேர்ந்த வருஷம்.
ஏப்ரலில் கொதிகலனின் வெதுவெதுப்பில்
கடுகுக்கீரை நாற்று வளர்ப்பார்.
தெற்கே பெரிய இடம் கிடைத்துப் போனபோது
இரண்டு தட்டு நாற்றை எனக்கு விட்டுப் போனார்.
என் வீட்டில் அது பிழைக்கவில்லை.

இந்த அக்டோபரில் படியில் காலடிச் சத்தமே இல்லை.
திரும்பினால் ஒருவர், வெறும் காலுறையில்.
கிஃப்லோம், எரித்ரியர், உதவிக் குரு.
'ஐயா, காற்று சூடாக வேண்டாம். தரை.'
செருப்பைக் கழற்றிவிட்டு
நாலு மணி நேரம் நிற்கிறார்களாம்.

இருபத்திரண்டு வருஷத்தில் முதல் முறையாக மேலே போனேன்.
பூட்ஸைக் கழற்றினேன்.
கட்டைவிரல் பக்கம் காலுறையில் ஓட்டை.
யாரும் பார்க்காதது போல இருந்தார்கள்.
தரை சில்லென்று ஏறியது, பல்வரைக்கும்.
பலிபீடத்துக்கு முன்னால் பலகையில் நீளமாய் ஒரு பள்ளம்.
முழங்கால்கள் தேய்த்தது.
கடனுக்குக் கரி வாங்கியவர்களின் முழங்கால்கள்.
அதில் இப்போது ஒரு சிறுமி
குதிகாலும் விரலுமாய் நடை பழகிக்கொண்டிருந்தாள்.

லெதெபிரஹான் என்றொரு அம்மாள்
கைத்தடியால் மேலே காட்டினாள்.
உத்திரத்தில் ஒரு கொக்கி.
எதற்கு?

'கப்பல் தொங்கியது' என்றேன்.

அவள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.
'பெரிதா, சின்னதா?'
'சின்னது.'
'எங்களுடையதும் சின்னதுதான்' என்றாள்.
பிறகு தேநீர் கொண்டுவரப் போய்விட்டாள்.

கீழே இறங்கிக் குழாய்களைத் தரைக்கு அடியில் திருப்பினேன்.
மூன்று மூட்டு, ஒரு புது வால்வு.
பென்சிலை எடுத்தேன்.
இத்தனை வருஷம் நான் எழுதியதெல்லாம் அழுத்தம் மட்டும்,
பன்னிரண்டு, பன்னிரண்டு, பதினொன்று.
'அக்டோபர் 17. தரை அறுபத்தெட்டு டிகிரி'
என்று எழுதி
கையெழுத்துப் போட்டேன். வென்டல் க்ரூக்.

பூட்ஸ் மேலேயே கிடந்தது.

பில்லில் இரண்டு மணி நேரம் என்று போட்டேன்.
மூன்றரை ஆகியிருந்தது.